பூச்சியும் அதன் உள்ளுறை தோழனும்

ஓர் ஏரில் காளைகள் இரண்டு பூட்டப்பட்டுள்ளன. ஒன்று வலிமை மிக்கது, மற்றொன்று தளர்ந்தது. அவ்வேர் எத்துணை விரைவாகச் செல்லும்? வலிய காளையின் விரைவில் அது செல்வதில்லை. தளர்ந்த காளை நடக்கும் அளவிற்கே செல்லும். தளர்ந்த காளை படுத்துவிட்டால் வலிய காளையும் நின்றே ஆகவேண்டும். உழவர் அனைவரும் அறிந்த உண்மை இது. இவ்வுண்மை ஏருக்கு மட்டும் உரியதன்று. கூடி வாழும் உயிர்கள் பலவற்றிற்கும் பொருந்துவதாகும். வெயில் மிகுந்த காலத்தில் சிறு பூச்சிகளின் வாழ்வில் இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்குகின்றது.

அவரைக் கொடியின் இளந்தளிரையும், மொச்சைச் செடியின் பிஞ்சுகளையும் உற்று நோக்கினால், எள்ளைப் போன்ற சிறிய பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றைச் சுற்றி எறும்புகள் ஓடித் திரியும். அப்பூச்சிகளுக்கு அசுவினி என்பது பெயர்; செடிப்பேன் என்றும் கூறுவர். அசுவினி இனங்கள் உலகில் பல ஆயிரம் உள்ளன. அவற்றுள் பட்டாணிச் செடியிலும், குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்களிலும் வாழும் இனம் ஒன்று உண்டு. அதற்குப் பட்டாணி அசுவினி என்று பெயர். அசுவினிகளுள் அறிஞர்கள் மிகுதியாக ஆராய்ந்துள்ளது இதனையே.

அசுவினியின் உணவு செடியின் சாறு ஒன்றே. ஊசி போன்ற தன் வாயுறுப்பைத் தண்டினுள் செலுத்தி, புளோயம் எனப்படும் நுண்குழாய்களில் ஓடும் இனிய சாற்றை அது உறிஞ்சுகின்றது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலுக்கு வேண்டியது போக எஞ்சிய சர்க்கரையை அசுவினி தேன் போன்ற துளிகளாக வெளியேற்றிவிடும். அத்துளிகளை நாடியே எறும்புகள் அதனைச் சூழ்கின்றன.

ஆயினும், இனிப்பு மட்டும் உண்டு எவ்வுயிரும் வளர்தல் இயலாது. உடல் வளரப் புரதம் வேண்டும். புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் கட்டப்படுவன. அவற்றுள் ஏறத்தாழப் பத்தினை விலங்குகள் தம் உடலில் தாமே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வாயிலாகவே பெறுதல் வேண்டும். செடியின் சாற்றிலோ அவை மிகவும் குறைவு. அவ்வாறிருந்தும் பட்டாணி அசுவினி பிறந்த ஏறத்தாழப் பத்து நாள்களில் தாயாகிவிடுகின்றது. நாள்தோறும் சில குஞ்சுகளாக ஈன்று, சில கிழமைகளில் செடி முழுவதையும் தன் இனத்தால் நிரப்பிவிடுகின்றது. வெறும் சர்க்கரைச் சாற்றை உண்ணும் பூச்சிக்கு இவ்வளவு வளம் எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்கு விடை அப்பூச்சியின் உடலுக்குள்ளேயே உள்ளது. அசுவினியின் வயிற்றுப் பகுதியில் தனி வகைப் பெரிய செல்கள் சில உண்டு. அவற்றை நுண்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஒவ்வொரு செல்லினுள்ளும் உருண்டை வடிவான பாக்டீரியாக்கள் நிறைந்திருத்தலைக் காணலாம். அவை நோய்க் கிருமிகள் அல்ல, பூச்சியின் தோழர்கள். செடியின் சாற்றில் குறைவாக உள்ள அமினோ அமிலங்களை ஆக்கி அவை பூச்சிக்கு வழங்குகின்றன. பூச்சி அவற்றிற்கு உறைவிடமும் உணவும் அளிக்கின்றது. இவ்வாறு இரு வேறு இனங்கள் ஒன்றாக வாழும் வாழ்வினைக் கூட்டுயிர் வாழ்க்கை என்பர். ஜெர்மன் நாட்டு விலங்கியல் அறிஞர் பால் புக்னர் என்பார் (1886–1978) பூச்சிகளின் உடலில் உறையும் இத்தகைய நுண்ணுயிர்களை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர்தம் தொண்டினைப் போற்றும் வகையில், அசுவினியினுள் வாழும் பாக்டீரியத்திற்கு 1991-ஆம் ஆண்டில் 'புக்னெரா' என்னும் பெயர் சூட்டப்பட்டது.

அசுவினிக்கும் புக்னெராவிற்கும் உள்ள நட்பு நேற்று முளைத்ததன்று. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருவது. தாயின் வயிற்றில் குஞ்சு உருவாகும்போதே, தாயின் பாக்டீரியாக்களுள் சில அதனுள் புகுந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அசுவினியும் பிறக்கும்போதே தன் தோழரோடு பிறக்கின்றது. புக்னெரா பூச்சிக்கு வெளியே வாழ்தல் இயலாது. அதனை இழந்த அசுவினியோ வளர்ச்சி குன்றி, மகப்பேறின்றி அழியும். 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

எனினும், இந்நட்பிற்குள் ஒரு குறையும் வளர்ந்து வந்துள்ளது. பல தலைமுறையாகச் செல்வர் மனையிலேயே தங்கி, உண்பதும் உறங்குவதும் அங்கேயாய் வாழும் ஒருவன், தன் முன்னோர் அறிந்திருந்த தொழில்களை மெல்ல மெல்ல மறந்துவிடுதல் இயல்பு. புக்னெராவின் நிலையும் அத்தகையதே. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் பட்டாணி அசுவினியில் வாழும் புக்னெராவின் மரபுச் செய்தி முழுவதையும் படித்தறிந்து வெளியிட்டனர். அதில் இருந்த எழுத்துகள் ஏறத்தாழ 6,40,000. மரபணுக்கள் 600-க்கும் குறைவு. அதன் உறவினமாகிய எஷரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியத்திற்கோ 46 இலட்சம் எழுத்துகளும் 4,000-க்கு மேற்பட்ட மரபணுக்களும் உண்டு. வெளியுலகின் குளிரையும் வெயிலையும் வறட்சியையும் தாங்குவதற்கு வேண்டிய கருவிகளுள் பெரும்பாலானவற்றைப் புக்னெரா இழந்துவிட்டது. பூச்சிக்கு அமினோ அமிலம் ஆக்கும் கருவிகளை மட்டும் போற்றி வைத்துக்கொண்டது.

இழப்பிற்கு மற்றொரு காரணமும் உண்டு. தாயிடமிருந்து குஞ்சிற்குச் செல்லும் பாக்டீரியாக்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் குறையுடையவை அமைந்துவிட்டால், அக்குறை பின்வரும் தலைமுறை அனைத்திற்கும் உரியதாகிவிடும். வெளியில் வாழும் பாக்டீரியாக்கள் தம்முள் மரபணுக்களைக் கொடுத்தும் வாங்கியும் குறையை நீக்கிக்கொள்வதுண்டு. பூச்சியின் உடலினுள் அடைபட்ட புக்னெராவிற்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, அதன் புரதங்கள் பல காலப்போக்கில் உறுதி குன்றியுள்ளன.

உறுதி குன்றிய புரதத்திற்கு முதற்பகை வெப்பம். முட்டையின் வெண்கரு தெளிந்த நீர்மமாக இருப்பது. சூடேறியதும் அது வெளுத்துக் கட்டியாகிவிடுகின்றது. வெண்கருவில் உள்ள புரதங்கள் தம் மடிப்புகள் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். உயிருள்ள செல்லின் புரதங்கள் பலவும், அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே சிறிது சிறிதாகக் குலையத் தொடங்கும். குலைந்த புரதம் தன் வேலையைச் செய்யாது. மனிதனின் உடல், வெளியே வெயில் மிகுந்தாலும் வியர்வையால் தன்னைக் குளிரச் செய்து, ஒரே அளவான வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். பூச்சியின் உடலோ சூழலின் வெப்பத்தையே பெரும்பாலும் பின்பற்றிச் செல்லும். காற்று சூடேறினால் பூச்சியும் சூடேறும். பூச்சியோடு அதன் உள்ளுறை தோழனும் சூடேறும்.

இத்தாக்குதலை உயிர்கள் எவ்வாறு எதிர்க்கின்றன என்பது எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியால் வெளிப்பட்டது. இத்தாலி நாட்டு அறிஞர் பெருச்சியோ ரித்தோசா என்பார் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவை இருந்த பெட்டியின் வெப்பத்தை உடன் பணியாற்றியவர் ஒருவர் அறியாமல் உயர்த்திவிட்டார். பின்னர் அவ்வீக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை நோக்கிய ரித்தோசா, அவற்றின் குரோமோசோம்களில் முன்பு காணாத இடங்களில் புதிய வீக்கங்கள் தோன்றியிருத்தலைக் கண்டார். வெப்பம் தாக்கியதும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பதற்கு அவ்வீக்கங்கள் அடையாளமாயின. இதனை அவர் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மரபணுக்கள் ஆக்கும் பொருள்கள் தனி வகைப் புரதங்கள் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து, அவை ஒன்றோடொன்று சிக்காமல் காப்பதே அவற்றின் தொழில். அவற்றை வெப்பக் காப்புப் புரதங்கள் எனலாம். பாக்டீரியா முதல் மனிதன் வரை ஏறத்தாழ எல்லா உயிர்களிடத்தும் அவை உண்டு. பலவற்றை இழந்த புக்னெராவும் அவற்றுள் சிலவற்றை இழக்காமல் காத்து வந்துள்ளது.

அச்சிலவற்றுள் ஒன்று பழுதுபட்டால் யாது நேரும்? இவ்வினாவிற்கு அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஹெலன் டன்பார், நான்சி மோரன் முதலியோர் நிகழ்த்திய ஆராய்ச்சி விடை தந்தது. 2007-ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி அசுவினிகளுள் சிலவற்றின் புக்னெராவில், வெப்பக் காப்புப் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில், ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளுள் ஓர் எழுத்தின் குறை அது! பெரிய நூல் ஒன்றில் ஓர் எழுத்து விடுபட்டால் படிப்பவர் கவனிப்பதும் அரிது. ஆனால், அவ்வோர் எழுத்து விடுபட்டமையால், வெப்பம் தாக்கும்போது விழித்தெழ வேண்டிய மரபணு விழிக்கவில்லை.

அறிஞர்கள் இளம் அசுவினிகளை 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைத்தனர். பின்னர் இயல்பான வெப்பத்திற்கு மாற்றினர். பழுதற்ற புக்னெராவை உடைய அசுவினிகள் அவ்வெப்பத்தைத் தாங்கி வளர்ந்து குஞ்சுகளை ஈன்றன. பழுதுற்ற புக்னெராவை உடையவற்றின் நிலை வேறாயிற்று. அவற்றின் உடலில் பாக்டீரியாக்கள் குறைந்துபோயின. அப்பூச்சிகள் பின்னர் மிகச் சில குஞ்சுகளையே ஈன்றன. சில ஒன்றுமே ஈனவில்லை. நான்கு மணி நேர வெப்பம் ஒரு கால்வழியையே முடித்துவிட்டது. பட்டாணி விளையும் நாடுகளில் கோடைநாள் ஒன்றின் நண்பகல் வெயில் இவ்வளவு இருத்தல் அரிதன்று.

இவ்வாறாயின், பழுதுற்ற பாக்டீரியம் அழிந்தொழிந்திருக்க வேண்டுமன்றோ? ஆனால், வயல்களில் பிடிக்கப்பட்ட அசுவினிகளிடத்தும் அப்பழுது காணப்பட்டது. இதற்கு விடையும் அவ்வாராய்ச்சியிலேயே கிடைத்தது. குளிர்ந்த சூழலில் வளர்த்தபோது, பழுதுற்ற பாக்டீரியத்தை உடைய அசுவினிகளே விரைவில் பருவமடைந்து மிகுதியான குஞ்சுகளை ஈன்றன. குளிரில் வாழ்பவனுக்குக் குடை ஒரு சுமை. வெயிலில் நடப்பவனுக்கு அது துணை. வெப்பக் காப்பும் அத்தகையதே. குளிர் நிலவும்வரை அதனைக் கைவிட்டவன் முந்துகின்றான்; வெயில் அடித்த ஒரே நாளில் அவன் வீழ்கின்றான். குறை என்பதும் நிறை என்பதும் சூழலைப் பொறுத்தே அமைகின்றன என்பது இதனால் விளங்கும்.

வெப்பத்தின் எல்லையை வரையறுப்பது பூச்சியா, பாக்டீரியமா என்னும் ஐயம் எழலாம். 2015-ஆம் ஆண்டில் மோரனும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட சோதனை இவ்வையத்தை நீக்கிற்று. வெப்பத்தைத் தாங்காத புக்னெராவை உடைய அசுவினிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். வெப்பத்தினாலேயே அவற்றின் பழைய பாக்டீரியாக்களை ஒழித்தனர். வெப்பத்தைத் தாங்கும் புக்னெராவை வேறோர் அசுவினியிலிருந்து எடுத்து நுண்ணூசியால் அவற்றுள் செலுத்தினர். புதிய தோழன் குடிபுகுந்தான். பூச்சியின் கால்வழி பழையதே. எனினும், அக்கால்வழி வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் பெரிதும் உயர்ந்தது. ஏரின் ஒரு காளையை மட்டும் மாற்றினர். ஏரே விரைந்து செல்லலாயிற்று.

இனி, மூன்றாம் துணைவன் ஒருவனும் இக்கதையில் உண்டு. பட்டாணி அசுவினிகளுள் சிலவற்றின் உடலில் புக்னெராவோடு செர்ரேஷியா என்னும் வேறொரு பாக்டீரியமும் வாழ்கின்றது. எல்லா அசுவினிகளிடத்தும் அது இருப்பதில்லை. அது இன்றியும் அசுவினி வாழும். கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2002-ஆம் ஆண்டில் அதன் பயனைப் புலப்படுத்திற்று. செர்ரேஷியாவை உடைய அசுவினிகள் வெப்பத்தாக்குதலுக்குப் பின்னும், புக்னெரா உறையும் செல்களை மிகுதியாகக் காத்துக்கொண்டன. குஞ்சுகளையும் மிகுதியாக ஈன்றன. வெப்பம் மிகும்போது செர்ரேஷியாவின் செல்கள் பல உடைந்து சிதைகின்றன என்றும், அவற்றினின்று வெளிப்படும் பொருள்கள் புக்னெராவைக் காக்கக்கூடும் என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். ஆயினும், வெப்பமற்ற காலத்தில் இத்துணைவனைச் சுமப்பது பூச்சிக்கு எப்போதும் ஊதியமாவதில்லை.

இது அசுவினிக்கு மட்டும் நேரும் இடர் அன்று. தானியக் குதிரிலும் அரிசிப் பானையிலும் காணப்படும் கூன்வண்டினுள்ளும் ஒரு பாக்டீரியம் உறைகின்றது. ஈரம் மிக்க சூழலில் 35 டிகிரி வெப்பத்தில் அவ்வண்டுகளைச் சில கிழமைகள் வளர்த்தால், அப்பாக்டீரியம் அவற்றை விட்டு நீங்கிவிடும். அசுவினியைப் போல் கூன்வண்டு இதனால் அழிந்துவிடுவதில்லை. ஆனால், அதன் வளர்ச்சி தாமதமாகும், முட்டைகள் குறையும். தோழமை எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவிற்கு அதன் முறிவும் கொடியது என்பதை இவ்விரு பூச்சிகளையும் ஒப்புநோக்கி அறியலாம்.

ஜப்பான் நாட்டில் பச்சை நாவாய்ப்பூச்சியைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. நெல், அவரை, பருத்தி முதலிய பல பயிர்களின் சாற்றை உறிஞ்சும் பூச்சி இது. இந்தியா உட்பட உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. இதன் துணைப் பாக்டீரியா குடலின் பின்பகுதியில் உள்ள சிறு சிறு அறைகளில் வாழ்கின்றன. தாய்ப்பூச்சி முட்டையிடும்போது அவற்றை முட்டையின் மேல் பூசிவிடும். பொரித்து வெளிவந்த குஞ்சு, முட்டை ஓட்டின்மேல் வாயை வைத்து உறிஞ்சித் தன் தோழரைப் பெற்றுக்கொள்ளும்.

அறிஞர்கள் இப்பூச்சிகளை, வெளிக்காற்றின் வெப்பத்தைவிட எப்போதும் 2.5 டிகிரி மிகுந்திருக்குமாறு அமைத்த பெட்டியில் வளர்த்தனர். எதிர்காலத்தில் புவி வெப்பமுற்றால் பூச்சிகளின் வாழ்வு எவ்வாறாகும் என்பதை முன்கூட்டியே காண்பது அவர்கள் நோக்கம். குளிர்காலத்தில் அச்சிறு வெப்பம் பூச்சிகளுக்கு நன்மையே செய்தது. ஆனால் கோடையில், அதே 2.5 டிகிரி பூச்சிகளின் வளர்ச்சியைத் தடை செய்தது. அவற்றின் உடல் சிறுத்தது. இயல்பான பச்சை நிறமும் மங்கிற்று. அவற்றின் குடலை ஆராய்ந்தபோது துணைப் பாக்டீரியா மிகவும் குறைந்திருத்தல் தெரிந்தது. பூச்சி வாடியதற்குக் காரணம் வெப்பம் நேராகத் தாக்கியதா, அன்றித் தோழரை இழந்ததா? இதனைத் தெளிய அவர்கள் மற்றொரு சோதனை செய்தனர். இயல்பான வெப்பத்திலேயே பூச்சிகளை வைத்து, பாக்டீரியாவை மட்டும் மருந்தினால் குறைத்தனர். அப்போதும் அதே நலிவுகள் தோன்றின. எனவே, வெப்பத்தின் கொடுமையில் பெரும்பங்கு தோழரின் இழப்பாலேயே நேர்ந்தது என்பது புலனாயிற்று. இவ்வாராய்ச்சி 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

'பயிரைக் கெடுக்கும் பூச்சிகள் வெப்பத்தால் அழியுமாயின், அது உழவர்க்கு நன்மையன்றோ?' என்று சிலர் எண்ணக்கூடும். இயற்கையின் கணக்கு அவ்வளவு எளிதன்று. அசுவினியினுள் ஹாமில்டோனெல்லா என்னும் மற்றொரு பாக்டீரியமும் வாழ்வதுண்டு. அசுவினியின் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் சிறு குளவியினின்று அது அசுவினியைக் காக்கின்றது. வெப்பம் மிகும்போது இக்காப்புக் குன்றுகின்றது. ஒருபுறம் நோக்கினால் இது உழவர்க்கு நன்மை. ஆனால், குளவியும் ஒரு பூச்சியே. வெப்பம் அதனையும் வாட்டும். மகரந்தம் சுமக்கும் பூச்சிகளும், மண்ணை வளப்படுத்தும் பூச்சிகளும், பறவைக் குஞ்சுகளுக்கு உணவாகும் பூச்சிகளும் வெப்பத்தினின்று தப்புவன அல்ல. அவற்றுள்ளும் பல தத்தம் நுண்ணுயிர்த் துணையை நம்பியே வாழ்வன. பகை மட்டும் அழிந்து நட்பு மட்டும் எஞ்சும் என்று கூற இயலாது.

மனிதனின் நலமே இத்தகைய தோழமையொன்றைச் சார்ந்து நிற்கும் இடமும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் என்னும் கொசு. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியம் அக்கொசுவினுள் புகுந்து வாழுமாயின், டெங்கு நச்சுயிர் அதன் உடலில் பெருகுதல் தடைப்படும். இப்பாக்டீரியம் வேறு பூச்சிகள் பலவற்றில் இயல்பாக வாழ்வது. 1924-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர்களால் வேறொரு கொசுவினத்தில் காணப்பட்டது. தாயிடமிருந்து முட்டையின் வழியே சேய்க்குச் செல்லும் ஆற்றல் உடையது. ஆகவே, அதனை ஏடிஸ் கொசுவினுள் செலுத்தி, அக்கொசுக்களை ஊர்களில் பரப்பும் முறையை அறிஞர்கள் கண்டனர். 2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரப் பகுதியில் அவை முதன்முதல் பறக்கவிடப்பட்டன. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் நிகழ்ந்த பெருஞ்சோதனையில், இக்கொசுக்கள் பரப்பப்பட்ட இடங்களில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இங்கும் வெப்பம் குறுக்கிடுகின்றது. ஏடிஸ் கொசுவின் புழுக்கள் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் முதலியவற்றில் தேங்கிய சிறிதளவு நீரில் வளர்வன. வெயிலில் அந்நீர் விரைவில் சூடேறும். முதலில் பரப்பப்பட்ட வோல்பாக்கியா வகை, பகலில் 37 டிகிரி வரை சூடேறும் நீரில் வளர்ந்த கொசுக்களில் பெரிதும் குறைந்துவிடுகின்றது என்பது 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் அறியப்பட்டது. அடுத்த ஆண்டே இயற்கை அதனைச் சோதித்துக் காட்டிற்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கெய்ன்ஸ் நகரில் வெப்பம் 42 டிகிரிக்கும் மேல் உயர்ந்தது. அதன் பின்னர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ எல்லாக் கொசுப் புழுக்களிலும் இருந்துவந்த வோல்பாக்கியா, 83 விழுக்காட்டுப் புழுக்களிலேயே காணப்பட்டது. நற்பேறாக, சில திங்களில் அது மீண்டும் பழைய அளவை அடைந்தது. வெப்பம் நீங்கிய பின் தோழமை மீண்டது. வெப்பம் நெடுநாள் நின்றிருந்தால் அவ்வாறு மீண்டிருக்கும் என்று உறுதி கூறல் இயலாது.

இப்பாடத்தை அறிஞர்கள் மறக்கவில்லை. வெப்பத்தை நன்கு தாங்கும் வேறொரு வோல்பாக்கியா வகையை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். மலேசியாவின் கோலாலம்பூரில் அவ்வகையைச் சுமந்த கொசுக்களே பரப்பப்பட்டன. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரு வகைகளையும் சுமக்கும் கொசுக்களை உருவாக்கியுள்ளனர் என்பது 2022-ஆம் ஆண்டில் தெரியவந்தது. தமிழகம், புதுச்சேரி போன்ற வெயில் மிகுந்த பகுதிகளில் எவ்வகையைத் தேர்வது என்பது சிறு வினாவன்று. நோயைத் தடுக்கும் முயற்சி வெல்வதும் தோற்பதும் அதனைப் பொறுத்தே அமையக்கூடும்.

2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. ஒரு டிகிரி என்பது மனிதனின் தோலுக்குத் தெரியாத வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால், சராசரி சிறிது உயரும்போது, கடும் வெயில் அடிக்கும் நாள்கள் மிகுதியாகின்றன. நான்கு மணி நேர வெப்பமே ஒரு பூச்சியின் கால்வழியை முடிக்கவல்லது என்பதை மேலே கண்டோம். அத்தகைய நான்கு மணி நேரங்கள் மிகுந்துகொண்டே போகுமாயின், பூச்சியின் வலிமையை மட்டும் கணக்கிட்டு எதிர்காலத்தை அறிதல் இயலாது. அதன் உடலினுள், கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் தோழனின் வலிமையையும் கணக்கிட்டே ஆகவேண்டும்.

தனித்து நிற்பதாகத் தோன்றும் எவ்வுயிரும் உண்மையில் தனித்து நிற்பதில்லை. ஒரு தளிரின் நுனியில் அமர்ந்திருக்கும் சிற்றசுவினியும் ஒரு குடும்பமே. அக்குடும்பத்தின் செழிப்பிற்குக் காரணமான உறுப்பினனே அதன் தாங்கும் எல்லையையும் வரையறுக்கின்றான். கூட்டு வாழ்க்கையின் நன்மையைப் போற்றுவோர், கூட்டில் மெலிந்தவரைக் காக்கும் கடமையையும் உடன் எண்ணுதல் வேண்டும். மெலிந்த காளை வெயிலில் வீழாமல் காப்பவனே தன் உழவைக் காத்துக்கொள்கின்றான்.